நீலத் தொப்பி போட்ட தாய்மாமன்

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பேனர் கட்டுகிற அந்தச் சவுக்குச் சாரத்தில், திருமுருகன் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றான். தலையில் நீலத் தொப்பி, தோளில் துப்பாக்கி, ஒரு கை பெரிய இரும்புக் கதவின் தாழ்ப்பாளில். திறந்த கதவு வழியாக ஆப்பிரிக்க ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்ளே ஓடி வருகிறார்கள். தலைக்கு மேலே மஞ்சள் எழுத்தில், 'அகதிகளுக்குக் கதவு திறந்த ஆபத்பாந்தவனே, எங்கள் தாய்மாமனே!' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஹரிணியின் காதணி விழா அழைப்பு. ஓரத்தில் வட்ட வட்டமாக வாழ்த்தும் சொந்தபந்தங்கள்.

புருஷன் குணசேகரனின் லோடு வண்டியிலிருந்து இறங்கிய அன்புமொழிக்கு அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. நடு ரோட்டிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதுகூட வாழ்த்துச் சொல்வது போலத்தான் அவள் காதில் விழுந்தது. தம்பி அல்லவா! அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, தாவணி போட்ட வயதிலேயே அவனுக்குத் தாயாகிப் போனவள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவனைக் கண்மாய்க் கரையில் ஓடவிட்டுப் பின்னாலேயே சைக்கிளில் விரட்டிக்கொண்டு போனவளும் அவள்தான்.

அவன் இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் இருந்தான். அங்கே இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தன. நடுவில் நின்று அமைதி காக்க ஐ.நா. சபை கேட்டு, நம் நாடு அனுப்பிவைத்த படையில் அவனும் ஒருவன். படை முகாமுக்கும், அரிசியும் மருந்தும் ஏற்றி வருகிற லாரிகளுக்கும் காவல் நிற்பது அவர்கள் வேலை. அக்கா மகள் ஹரிணியின் காதுகுத்துக்கு வந்துவிடுவதாகத்தான் முதலில் சொன்னான். பிறகு லீவு இல்லை என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "இங்க ஒரு விசாரணை ஓடுதுக்கா, யாரையும் விட மாட்டேங்குறாங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டான்.

தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? ஒன்றுவிட்ட மாமன்கள் இருக்கத்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை உட்காரவைத்துக் காரியத்தை முடிப்பது ஊரில் நடப்பதுதான். குணசேகரனும் அதைத்தான் சொன்னான். அன்புமொழி ஒற்றைக் காலில் நின்றாள்.

"எந் தம்பி குத்துக்கல்லாட்டம் இருக்கையில இன்னொருத்தன் மடி எதுக்குங்க? அவனையே ஆளுயரத்துக்கு வெட்டி நாற்காலியில வைப்போம். அவன் மடியிலதான் எம் பிள்ளை உக்காரும்."

"பட்டாளத்தான் அக்காவை எதுத்துப் பேச நான் யாரு?" என்று குணசேகரன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

அப்படித்தான் அவள் ஜஸ்டினின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள். கவுன்சிலருக்குப் பக்கத்தில் சிங்கத்தை நிறுத்துவதும், செத்துப்போன தாத்தாவைப் பேத்தி கல்யாணத்தில் அட்சதை போட வைப்பதும் ஜஸ்டினுக்குக் கைவந்த கலை. "எந்தப் போட்டோக்கா?" என்று கேட்டான். அவள் ஃபோனில் தம்பியின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் சப்பாத்தி தின்கிற படமும் கண்ணை மூடிக்கொண்ட படமும்தான். ஒன்றே ஒன்றில்தான் ஆம்பிளையாகத் தெரிந்தான். அந்தக் கதவுப் படம்.

அதை அனுப்பும்போது, 'பாத்துட்டு அழிச்சிரு அக்கா' என்று எழுதியிருந்தான். கண் பட்டுவிடும் என்று பயப்படுகிறான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். ஊரில் யார் வீட்டுக்கு எது நடந்தாலும் கண்ணேறுதான் காரணம் என்று நம்புகிறவள் வேறெதை நினைப்பாள்? அதனால் படத்தில் தம்பியின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கச் சொன்னாள். ஜஸ்டினும் வைத்தான். கூட்டத்தை எடுத்துவிட்டு அங்கே சொந்தக்காரர்களைப் போடலாமா என்று அவள் கேட்டதற்கு, "கூட்டம் இருந்தாத்தான்க்கா கெத்து" என்று சொல்லிவிட்டான்.

பேனர் கட்டிய மறுநாள், கீரனூரிலிருந்து மாமா முறையுள்ள சொக்கநாதன் வந்து இறங்கினார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கம்பெனிகளுக்கு வாட்ச்மேன் அனுப்பும் தொழில் செய்கிறார். இதே மாதிரி அமைதிப்படையில் அவரும் ஒரு காலத்தில் போய் வந்தவர் என்பதால், பேனரில் வாழ்த்துகிறவர்களின் முதல் வட்டத்தில் அவரைத்தான் போட்டிருந்தார்கள். போடச் சொல்லி நச்சரித்தவரும் அவரேதான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "பேனரை எறக்குங்க. மொதல்ல எறக்குங்க. எம் போட்டோவ எடுங்க" என்று கத்தினார்.

"என்னங்க மாமா, உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்குது. அந்தப் படம் ஒனக்கு எப்படி வந்துச்சு?"

"தம்பிதான் அனுப்புனான்."

சொக்கநாதன் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வேர்த்து வழிந்தது. "அவன் விசாரணையில என்ன எழுதிக் குடுத்துருக்கான் தெரியுமா ஒனக்கு? அவன் கூட இருக்குற நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் சொன்னான். கூட்டம் கதவை ஒடைச்சிக்கிட்டு முகாமுக்குள்ள வந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துருக்கான். அன்னைக்குக் காவல்ல நின்ன மூணு பேரும் அதையேதான் சொல்லிருக்காங்க. நீ என்னடான்னா, கதவைத் தொறந்தவனேன்னு மஞ்ச எழுத்துல எழுதி பஸ் ஸ்டாண்டுல நிறுத்திருக்க!"

அன்புமொழிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தொறந்தா என்னங்க மாமா? எத்தனை உசுரு பொழைச்சிருக்கும்!"

"நல்லது கெட்டதெல்லாம் கோயில்ல பேசிக்கலாம். பட்டாளத்துல ஆர்டருதான். மேல இருந்து உத்தரவு இல்லாம முகாம் கதவு தொறக்கக் கூடாதுன்னா தொறக்கக் கூடாது."

குணசேகரன் குறுக்கே புகுந்தான். "சரிங்க, தப்புன்னே வச்சிக்குவோம். அந்த நாட்டுப் போலீசு மச்சானப் பிடிச்சிருமா?"

"அந்த நாட்டுப் போலீசும் கோர்ட்டும் அவன் நெழலக்கூடத் தொட முடியாது. படை அனுப்புறப்பவே நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் அப்படி. ஆனா நம்ம ராணுவச் சட்டம் இருக்கு பாருங்க, அது எந்த நாட்டுக்குப் போனாலும் அவன் கூடவே போகும். இங்க ஊருக்குள்ள பட்டாளத்தான் கையால ஒரு சிவிலியன் செத்தா அது போலீசு, கோர்ட்டுன்னு போற கேஸு. வெளிநாட்டு மண்ணுல நடந்தா ராணுவக் கோர்ட்டே எடுத்து விசாரிக்கும். தூக்கு வரைக்கும் போகலாம்."

அன்புமொழி அவர் முன்னால் வந்து நின்றாள். "கதவைத் தொறந்ததுக்கா தூக்கு?"

சொக்கநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் வண்டிச் சாவியைத் தேடினார். "கதவோட போயிருந்தாத்தான் பரவாயில்லையே" என்றார். மற்றதைத் தம்பியிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேனரை இறக்குகிற வரை பஸ் ஸ்டாண்டில் தானே போய் நின்றார். ஓய்வூதியத்துக்கு ஏதும் வில்லங்கம் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

பேனரை இறக்கியாயிற்று. ஆனால் அதற்குள் பையன்கள் அதை வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, ஊர் ஊராகப் பரப்பியிருந்தார்கள். துபாயிலிருந்து சொந்தக்காரன் ஒருவன் கூப்பிட்டு, "அத்தாச்சி, தம்பி பெரிய ஆளாயிட்டான்போல!" என்று சந்தோஷப்பட்டான். அன்புமொழி சிரித்துவைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் உச்சிவெயிலில் திருமுருகன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

"அழிக்கச் சொன்னேன்லக்கா" என்றான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"கண்ணு பட்டுரும்னு சொல்றேன்னு நெனச்சேன்டா. என்னடா நடந்துச்சு? எங்கிட்டயாச்சும் சொல்லு."

அவன் சொல்ல ஆரம்பித்தான். நடுவில் நிறுத்தினால் திரும்பச் சொல்ல முடியாது என்பது போல வேகமாகச் சொன்னான்.

"வெளியில வெட்டுறாய்ங்கக்கா. பொம்பளைங்க கதவப் பிடிச்சிக்கிட்டுக் கத்துறாங்க. ஆர்டர் வரல. எனக்குத் தாங்கல, தொறந்துட்டேன். அப்பத்தான் கூட நின்னவன் அந்தப் படத்தை எடுத்தான். மொதல்ல கொஞ்சப் பேருதான் வந்தாங்க. அப்புறம் மொத்தமா வந்துட்டாங்க. என் மேல ஏறுறாங்க, துப்பாக்கியப் பிடிச்சு இழுக்குறாங்க, யாரு எவருன்னு தெரியல. வெட்டுறவனும் உள்ள வந்துட்டானோன்னு பயந்துட்டேன். எனக்கு நேரா ஒரு கை ஓங்கிக்கிட்டு வந்துச்சு. கையில கத்தின்னு நெனச்சேன். சுட்டுட்டேன்."

"யாரை?"

"படத்துல எடது பக்கம் பாரு. பச்சத் துணி சுத்திக்கிட்டு ஒரு பொம்பளை வரும்ல, இடுப்புல பிள்ளைய வச்சிக்கிட்டு. அது கத்தி இல்லக்கா. கரண்டி. சமைச்சிக்கிட்டு இருந்தவ அப்படியே ஓடியாந்துருக்கா."

அன்புமொழி வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டாள். எதைக் கேட்கக் கூடாதோ அதைத்தான் அவள் வாய் கேட்டது. "பிள்ளை?"

"அதுவும்."

அதன் பிறகு அவன் சொன்னதெல்லாம் அவளுக்குத் தூரத்திலிருந்து கேட்டது. கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு முகாமுக்குள் புகுந்தால் சுடலாம் என்று விதி இருக்கிறதாம். தானே திறந்துவிட்டுவிட்டு, நம்பி வந்தவர்களைச் சுட்டால் அது கொலையாம். அதனால்தான் மூன்று பேரும் காதும் காதும் வைத்த மாதிரி பேசி, கதவை உடைத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தார்களாம். பிறகு அவர்களே கம்பியால் நெம்பித் தாழ்ப்பாளை வளைத்தும் விட்டார்களாம். படத்தை எடுத்தவன் அன்றே அழித்துவிட்டான். திருமுருகனும் அழித்துவிட்டான்.

"ஒங்கிட்ட மட்டுந்தான்க்கா இருந்துச்சு. அப்புறம் எதுக்கு ஒனக்கு அனுப்புனேன்னு எனக்கே தெரியல. நான் தொறந்தேன்னு யாராச்சும் ஒருத்தருக்குத் தெரியணும்னு இருந்துச்சு" என்று சொல்லி அழுதான். பட்டாளத்துக்குப் போனபிறகு அவன் அழுது அவள் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் வரை அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் அதில் தம்பியை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குத் தன் வயதுதான் இருக்கும். திருமுருகனைத்தான் பார்த்துக்கொண்டு ஓடி வருகிறாள். பிழைத்தோம் என்ற நிம்மதி அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இடுப்பில் இருந்த பிள்ளை எங்கோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அன்புமொழி கெட்டவள் இல்லை. ஆனால் தூக்கு என்ற சொல் ஒரு பக்கமும் அந்த முகம் ஒரு பக்கமுமாக இழுத்தபோது, தம்பி பக்கம்தான் சாய்ந்தாள். சாய்வதற்கு அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பேனரையும், நாற்காலிக்கென்று செய்த ஆளுயரப் படத்தையும் கொளுத்திவிடலாம் என்று குணசேகரன் சொன்னான். உயிரோடு இருக்கிறவன் முகத்தைத் தீயில் போடுவது ஆகாது என்று அவள் கத்தரிக்கோலை எடுத்து இரண்டிலிருந்தும் தம்பியின் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டினாள். மிச்சத்துக்கு அவன் தீ வைத்தான். ஃப்ளெக்ஸ் எரியவில்லை, உருகியது. கரும்புகை கிளம்பி, துணி காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி திட்டிக்கொண்டே வந்து சேலைகளை எடுத்துப் போனாள். கதவு உருகியது, மூட்டைகள் உருகின, பச்சைத் துணி உருகியது. அன்புமொழி ஹரிணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஜஸ்டின் கடைக்குப் போனாள். யோசனை அவளுடையதுதான், யாரும் சொல்லித் தரவில்லை.

"ஜஸ்டினு, யாராச்சும் வந்து கேட்டா அந்தக் கதவு, கூட்டம் எல்லாமே நீ ஒட்டுனதுன்னு சொல்லணும். தம்பி படம் மட்டுந்தான் நான் குடுத்ததுன்னு சொல்லு."

"அவ்வளவுதானாக்கா? சிங்கத்தையே ஒட்டுறேன், கதவை ஒட்ட மாட்டனா?" என்று சிரித்தான். ஏதோ லீவு விவகாரம் என்று நினைத்துக்கொண்டான். இருந்த படத்தை அழித்துவிட்டு, வேறு கதவு, வேறு கூட்டம் என்று இணையத்தில் தேடி, அரை மணி நேரத்தில் அதே மாதிரி இன்னொரு படம் செய்து காட்டினான். "பாருங்கக்கா, எது நெசம்னு கடவுளே கண்டுபிடிக்க முடியாது." அவன் தொழில் சுத்தம் அவளைப் பயமுறுத்தியது. தன் ஃபோனில் இருந்ததையும் அங்கேயே நின்று அழித்தாள்.

காதுகுத்து அய்யனார் கோயிலில் நடந்தது. ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில்தான் பிள்ளை உட்கார்ந்தது. "பேனரு எங்கம்மா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் காற்றில் கிழிந்துவிட்டது என்று குணசேகரன் சொன்னான். ஆசாரி ஊசியைக் காதில் ஏற்றியதும் ஹரிணி வீறிட்டாள். சுற்றி நின்றவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அன்புமொழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கிடா வெட்டுகிற பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றாள். பெற்றவளுக்குத் தாங்கவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு மறுநாளே விசாரணைக்கு ராணுவ அதிகாரி வந்தார். போலீஸ் ஜீப் முன்னால் வர, பின்னால் ராணுவ வண்டி. மேஜர் வித்யா என்று சட்டையில் பெயர் இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்போல, மரியாதையான பேச்சு. கூட எழுதுவதற்கு ஒரு ஆள். அன்புமொழி நாற்காலி எடுத்துப் போட்டாள், மோர் கொடுத்தாள். பிள்ளை காது வலியில் இடுப்பை விட்டு இறங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்ததால், மடியில் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"முதல்லயே ஒண்ணு சொல்லிடறேனுங்க" என்றார் மேஜர். "நீங்க எங்க ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவங்க இல்லைங்க. பதில் சொல்லியே ஆகோணும்னு நான் இப்பக் கட்டாயப்படுத்தப் போறதில்லைங்க. விருப்பம் இருந்தாச் சொல்லுங்க. ஆனா சொன்னா, சொன்னது அப்படியே பதிவாகும்."

"சொல்றேங்க மேடம்."

மேஜர் தன் ஃபோனைத் திறந்து, பையன்கள் எடுத்த வீடியோவை ஓடவிட்டு, பேனர் முழுசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். எரித்து முடித்த அதே படம் திரும்பவும் அவள் முன்னால் வந்து நின்றது.

"இந்தப் படம் உங்க தம்பி அனுப்பினதுங்களா?"

"தம்பி படம் மட்டுந்தாங்க. கதவு, கூட்டமெல்லாம் ஃப்ளெக்ஸ் கடையில வெட்டி ஒட்டுனது. இங்கிட்டு எல்லாம் அப்படித்தாங்க மேடம். சிங்கம், புலின்னு என்ன கேட்டாலும் ஒட்டித் தருவாங்க."

"கடைக்காரரும் அதைத்தான் சொன்னாருங்க." மேஜரின் குரலில் சந்தேகமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும்னு சொல்றேனுங்க. அந்த ஊர்ல ஒரு பெரியவரு ஐ.நா. ஆபீஸ் வாசல்ல தினமும் வந்து உக்காந்திருக்காராமுங்க. மகளையும் பேரனையும் சுட்டுட்டாங்கன்னு சொல்றாரு. கதவைத் திறந்துதான் விட்டாங்க, யாரும் உடைக்கலைன்னு சொல்றாரு. அவரு நாட்டுக் கோர்ட்டு இந்தக் கேஸைத் தொட முடியாதுங்க. நம்ம படை செஞ்சதை நம்மதான் விசாரிக்கோணும். நாம இல்லைன்னு எழுதிட்டோம்னா, அவரு போறதுக்கு உலகத்துல வேற இடமே இல்லைங்க."

குணசேகரன் நிலைக்கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டான். உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கண்மாய்க் கரையில் ஓடி ஓடிக் கால் வீங்கி வந்து, "போதும்க்கா" என்று கெஞ்சிய பையனை அவள் நினைத்துக்கொண்டாள்.

மேஜர் படத்தை விரலால் பெரிதாக்கினார். திரை முழுக்க அந்த ஒரு முகம்.

"இந்தப் பச்சைத் துணி கட்டின அம்மா. இவங்களும் ஒட்டினதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப இப்படி ஒரு பொம்பளை உங்க தம்பி கூட அந்த இடத்துல இல்லை. அப்படி எழுதிக்கலாமுங்களா?"

"எழுதிக்கங்க. அப்படி யாரும் இல்லீங்க."

எழுதுகிறவர் எழுதினார். மேஜர் ஃபோனை அணைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார்.

"இடுப்புல இருக்கற குழந்தை?"

ஹரிணி சிணுங்கிக்கொண்டு முகத்தைத் தாயின் வயிற்றில் புதைத்தாள். மேஜர் காத்திருந்தார். எழுதுகிறவரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"பிள்ளையும் இல்லீங்க மேடம்" என்றாள் அன்புமொழி, மடியில் கிடந்தவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.